மங்கின முன் கண்ணாடி, சுருங்கின டாஷ் லெதர்: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேஸ்

பின்னணி

கார் 1990-களோட நடுவுல வந்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, முன் கண்ணாடி ரப்பர் பீடிங்ல மாட்டினது இல்ல, பாடியோட பாலியூரித்தேன் பசை போட்டு ஒட்டினது. மாடலும் கலரும் இங்க சொல்லல, ரெண்டையும் சேர்த்து சொன்னா ஓனர் யாருன்னு இந்த வட்டத்துல இருக்கறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. கார் கம்மியா ஓடினது, நிறைய நேரம் நின்னது. முந்தின ஓனர்கிட்ட இருந்த வருஷங்கள்ல வெளிச்சம் ஊடுருவற ஷீட் போட்ட ஒரு ஷெட்டுல நின்னிருக்கு, அதாவது மழைக்கு மறைப்பு, ஆனா வெயில் சூடு பூரா உள்ள.

இப்ப வச்சிருக்கறவர் சொன்ன கம்ப்ளெயின்ட் ரெண்டு. ராத்திரி எதிர்ல வண்டி வந்தா ஒண்ணும் தெரியல, பகல்லயே கண்ணாடி மங்கலா இருக்கு, எவ்ளோ தொடச்சாலும் போகலன்றது ஒண்ணு. டாஷ்போர்டு மேல இருக்கற லெதர் கண்ணாடிய ஒட்டின பக்கம் சுருங்கி தூக்கிட்டு நிக்குதுன்றது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியா ஆள் பார்த்திருந்தார். கண்ணாடிக்கு ஒருத்தர் பாலிஷ் போட்டா போதும்னு சொல்லிருக்கார், இன்னொருத்தர் பார்த்த உடனே மாத்திடுங்கன்னுட்டார். லெதருக்கு இவரே வைத்தியம், நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் கால் எலும்புல இருந்து எடுக்கற எண்ணெய்) கலந்த ஒரு கண்டிஷனர வாங்கி வாராவாரம் டாஷ் மேல தேச்சுட்டு இருந்தார், காஞ்ச தோலு எண்ணெய் குடிச்சா விரியும்னு ஒரு நம்பிக்கை.

கண்ணாடிய மாத்த அவருக்கு மனசே இல்ல, அதுக்கு காரணமும் இருந்துச்சு. கீழ் மூலைல ஃபேக்டரி முத்திரை அப்படியே இருக்கு: கண்ணாடி கம்பெனி பேரு, வட்டத்துக்குள்ள இ எழுத்தும் 3-ம் (3-ன்னா இத்தாலில அப்ரூவல் வாங்கினது), 43ஆர்-னு ஆரம்பிக்கற நம்பர், அப்புறம் தயாரிச்ச தேதிக்கான குறி. இந்த தேதிக் குறி கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலதுல வருஷத்தோட கடைசி எண்ணும் மாசத்துக்கு புள்ளிகளும் இருக்கும். காரோட வருஷமும் கண்ணாடியோட வருஷமும் ஒத்துப்போனா அது காரோட கூடவே பொறந்த கண்ணாடின்னு அர்த்தம், பழைய கார் எவ்ளோ அசலா இருக்குன்னு மார்க் போடற கண்காட்சிப் போட்டிக்கு வைக்கற கார்ல இதுக்கு மார்க் இருக்கு, விக்கும்போதும் பேச்சு இருக்கு.

என் வேலை, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்டிஷன் ரிப்போர்ட் எழுதறதும், வேலை நடக்கும்போது கூட நின்னு பார்க்கறதும். கழட்டறது மாட்டறது எல்லாம் அந்தந்த ஆளுங்க.

முதல் நாள்: கண்ணாடில என்னென்ன இருந்துச்சு

மங்கல்னு ஒரே வார்த்தைல சொன்னாலும் அதுல நாலு விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா கலந்து கிடந்துச்சு. எதையும் தொடாம மொதல்ல பண்ணது, டாஷ் மேல மொத்தமா ஒரு கறுப்பு துணிய விரிச்சதுதான், பளபளப்பு இல்லாத பருத்தி துணி. விரிச்சுட்டு ஓனர சீட்ல உக்கார வச்சு வெளிய பார்க்க சொன்னோம். பாதி மங்கல் அந்த நிமிஷமே போயிடுச்சுன்னு அவரே சொன்னார். அதாவது அவர் கண்ணாடில இருக்குன்னு நெனச்ச மங்கல்ல ஒரு பெரிய பங்கு கண்ணாடில விழுந்த டாஷோட எதிரொளிப்பு. ஃபேக்டரில டாஷ் லெதர வேணும்னேதான் மேட் ஃபினிஷ்ல விடுவாங்க, பகல் வெளிச்சம் அதுல பட்டு கண்ணாடில எதிரொளிக்கக் கூடாதுன்னு. இவர் வாராவாரம் எண்ணெய் தேச்சு அத பளபளன்னு ஆக்கி வச்சிருந்தார்.

அடுத்து உள்பக்கம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் கலந்து துணில நனைச்சு கண்ணாடியோட ஒரு பாதிய மட்டும் தொடச்சோம். ஸ்பிரே அடிக்கல, ஏன்னா ஆல்கஹால் சொட்டு லெதர் மேல விழுந்தா ஃபினிஷ் போயிடும். துணில மஞ்சளா ஒரு பிசுக்கு வந்துச்சு. வெயில்ல டாஷ் சூடாகும்போது அதுல இருக்கற எண்ணெய், பிளாஸ்டிக்ல இருக்கற மென்மையாக்கி, பசைன்னு எல்லாத்துலயும் இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடில போய் படியும். இது கார் கம்பெனிகளுக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம், உள் அலங்காரத்துக்கு போடற பொருள் எவ்ளோ ஆவி விடுதுன்னு பார்க்க டிஐஎன் 75201-னு ஜெர்மன் தரநிலைல தனியா ஒரு டெஸ்ட்டே இருக்கு. ஃபேக்டரில அந்த டெஸ்ட் பாஸ் பண்ண லெதர் மேல நம்ம பாட்டில் பாட்டிலா ஊத்தற எண்ணெய்க்கு எந்த டெஸ்ட்டும் கிடையாது. வெறும் கண்ணாடி கிளீனர் போட்டா இந்த பிசுக்கு இழுபட்டு மறுபடி அங்கயே பரவும், அதான் அவர் எவ்ளோ தொடச்சும் போகல.

மூணாவது வெளிப்பக்கம். மண்ணும் சின்ன கல்லும் பட்டு ஊசி முனை அளவுக்கு குழிகள், வெளிச்சத்த பக்கவாட்டுல அடிச்சா முழுக்க மினுக்குது. டிரைவர் பக்கம் வைப்பர் போற பாதைல வளைவா கோடுகள். நகத்த வச்சு குறுக்க இழுத்தா பெரும்பாலான கோடு தட்டல, ஒரு கோடு மட்டும் தட்டுச்சு. நகம் தட்டற கோட்ட சீரியம் ஆக்ஸைடு போட்டு பாலிஷ் பண்ணி எடுக்கணும்னா சுத்தி இருக்கற கண்ணாடியையும் அந்த ஆழத்துக்கு தேய்க்கணும், அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆகி பார்வைய வளைக்கும், அதுவும் டிரைவர் பார்வை போற இடத்துலயே. குழிகளும் அதே கதைதான், ஒவ்வொண்ணா எடுக்க முடியாது, மொத்த பரப்பையும் இறக்கணும்.

நாலாவதுதான் உண்மையான வயசு. முன் கண்ணாடின்றது ரெண்டு கண்ணாடி, நடுவுல பாலிவினைல் ப்யூட்டிரல்னு ஒரு பிளாஸ்டிக் படலம், சுருக்கமா பிவிபி, பொதுவா 0.76 மிமீ கனம். கல்லு பட்டு உடைஞ்சாலும் துண்டு சிதறாம பிடிச்சு வைக்கறது இதுதான். இந்த படலம் ஓரத்துல இருந்து ஈரத்த இழுக்கும், இழுத்தா வெளுக்கும், நாளாவட்டத்துல கண்ணாடிய விட்டு பிரியும். இந்த கார்ல ரெண்டு கீழ் மூலைலயும் வெளுப்பு. பயணி பக்கம் கறுப்பு பார்டருக்குள்ளயே அடங்கி இருந்துச்சு, டிரைவர் பக்கம் பார்டர தாண்டி ஒரு விரல் அகலம் மேல வந்து, அதுக்கும் மேல மெலிசா ஒரு குமிழி நாக்கு மாதிரி நீண்டு இருந்துச்சு. நகத்தால தட்டி பார்த்தா அந்த இடத்துல சத்தம் மாறல, வெளிய தடவினா ஒண்ணும் தெரியல, ஏன்னா எல்லாம் நடுவுல நடக்கற சங்கதி. ஒரு மெல்லிய பேனாவால வெளிப்பக்கம் ஓரத்த வரைஞ்சு, தேதி போட்டு போட்டோ எடுத்தோம், வளருதா நின்னுடுச்சான்னு தெரியணும்ல.

லெதர பார்த்தப்போ

சீட்டு பயந்த அளவுக்கு இல்ல. டிரைவர் ஏறி இறங்கற பக்க போல்ஸ்டர்ல (சீட்டோட தூக்கின ஓர மெத்தை) மேல் பூச்சு தேஞ்சு, மெல்லிசா வெடிப்பு. ஒரு சொட்டு தண்ணி வச்சு பார்த்தோம், நல்ல இடத்துல முத்து முத்தா நின்னுச்சு, தேஞ்ச இடத்துல உடனே இழுத்து கறுத்துச்சு. அப்ப இது பிக்மென்ட் பூச்சு போட்ட லெதர், தேஞ்ச இடத்துல பூச்சு இல்ல, அவ்ளோதான். பூச்சு போட்ட லெதர் மேல எண்ணெய் ஊத்தினா உள்ள போகாது, மேல நிக்கும், இல்ல வெடிப்பு வழியா மட்டும் போய் அந்த கோட்ட கறுப்பாக்கும். பழைய காலத்து லாக்கர் ஃபினிஷுக்குன்னு வந்த ஹைட் ஃபுட்ன்ற லெதர் கிரீம் வகையறாவ எல்லா லெதருக்கும் தேய்க்கற பழக்கம் இன்னும் போகல. யாராவது முன்னாடி கலர் அடிச்சிருக்காங்களான்னு சீட்டுக்கு அடில மறைவான இடத்துல ஈர வெள்ளத் துணிய தேச்சோம், கலர் வரல.

டாஷ்தான் சீரியஸ். கண்ணாடிக்கு காத்து போற டிஃப்ராஸ்டர் வாய் பக்கத்துல லெதர் பின்னாடி இழுத்துக்கிட்டு, உள்ள இருக்கற ஃபோம் தெரிஞ்சுது. பழைய பசை நூல் நூலா, பழுப்பா, தூக்கின லெதருக்கும் ஃபோமுக்கும் நடுவுல தொங்குச்சு. குஷன் வேலை பண்றவர் விரலால அமுக்கிப் பார்த்துட்டு ஓனர்கிட்ட சொன்னார், "சார், இத இழுத்து ஒட்டிடலாம்னு நெனைக்காதீங்க. இந்த வாய்க்கு வெட்டின ஓட்டையே இடம் மாறி இருக்கு பாருங்க. தோலு தூக்கல சார், தோலு சின்னதாயிடுச்சு." ஓனர், "அண்ணே, அப்ப இவ்ளோ நாள் எண்ணெய் தேச்சதுல கொஞ்சமாச்சும் பிரயோஜனம்?"னார். அவர் பதில் சொல்லாம தூக்கின லெதர திருப்பி அடிப்பக்கத்த காட்டினார், எண்ணெய் ஊறி கறுப்பா, பசை கையில பிசுபிசுன்னு ஒட்டுது.

சூரியன யூவி-ய (புற ஊதாக் கதிர) மட்டும் வச்சு திட்டறது வழக்கம், ஆனா லேமினேட்டட் முன் கண்ணாடி யூவி-ல பெரும்பகுதிய தடுத்துடும், பிவிபி-யோட குணம் அது. டாஷ சாகடிக்கறது முக்கியமா சூடு. மூடி நிறுத்தின கார்ல டாஷ் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல போறது சாதாரணம். குரோம்ல பதப்படுத்தின தோல் அந்த சூட்டுல திரும்ப திரும்ப காஞ்சா நார் இறுகும், அளவு குறையும். ஈரமாகி காஞ்சா இன்னும் வேகமா.

ஈரம் எங்கருந்து வந்துச்சு

அந்த ஈரம்தான் உறுத்திச்சு. வெளுப்பு ரெண்டு கீழ் மூலைலதான், டாஷ் லெதர் அதிகமா சுருங்கினதும் அதே டிரைவர் பக்க மூலைலதான். வெறும் வெயில்னா நடுவுலதான் அதிகமா இருக்கணும். காருக்குள்ள லேசா பூஞ்சை வாடை, மிதியடிய தூக்கினா அடி கார்ப்பெட் சில்லுன்னு இருக்கு.

தண்ணி விட்டு பார்த்தோம். பிரஷர் வாஷர் இல்ல, சாதா ஹோஸ், மெதுவா, கீழ இருந்து ஆரம்பிச்சு மேல போகணும், மேல இருந்து ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு எங்க நுழையுதுன்னே தெரியாது. உள்ள ஒருத்தர் டார்ச்சோட, ஓரத்துல டிஷ்யூ பேப்பர் துண்டு சொருகி வச்சுட்டு. டிரைவர் பக்க கீழ் மூலைக்கு தண்ணி வந்த கொஞ்ச நேரத்துல டிஷ்யூ நனைஞ்சுது. வெளிய டிரிம்ம லேசா தூக்கி பார்த்தா கண்ணாடி ஓரத்துல பசைக்கு மேல கறுப்பு சிலிகான் அப்பி இருக்கு. ஃபேக்டரில இப்படி யாரும் போட மாட்டாங்க. எப்பவோ ஒழுகி இருக்கு, யாரோ கண்ணாடிய கழட்டாம மேல சிலிகான பூசி விட்டிருக்காங்க.

எந்த வகை சிலிகான்னு இத்தனை வருஷம் கழிச்சு பார்த்து சொல்ல முடியாது. ஆனா சாதாரணமா கிடைக்கற வகைல நிறைய, காயும்போது அசெட்டிக் ஆசிட் விடும், அந்த வினிகர் வாடைதான். அது பிவிபி ஓரத்துக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது. வகை எதுவா இருந்தாலும் அது பண்ண வேலை ஒண்ணு: தண்ணி உள்ள வர்ற வழிய பாதி அடைச்சு, உள்ள போன தண்ணி வெளிய வர்ற வழிய முழுசா அடைச்சிருக்கு. மூலைல தேங்கின ஈரம் ஒரு பக்கம் பிவிபி-ய வெளுக்க வச்சுது, இன்னொரு பக்கம் டாஷ் லெதரோட முன் விளிம்ப நனைச்சு நனைச்சு காய வச்சுது. சுருங்கின லெதருக்கு எண்ணெய் போட்டாங்க, எண்ணெய் பசைய கரைச்சுது, மிச்சம் ஆவியாகி கண்ணாடில படிஞ்சுது. ரெண்டு கம்ப்ளெயின்ட்டுக்கும் ரெண்டு ஆள் பார்த்ததுலதான் இது யார் கண்ணுலயும் படல. கண்ணாடிக்காரர் டாஷ பார்க்க மாட்டார், குஷன்காரர் கண்ணாடிய பார்க்க மாட்டார்.

எடுத்த முடிவுகள்

கண்ணாடிக்கு முன்னாடி இருந்த வழிகள் இவ்ளோதான்: அப்படியே விடறது, பாலிஷ் பண்றது, அந்த காலத்துல செஞ்சு விக்காம கிடந்த பழைய ஸ்டாக் தேடறது, புதுசா தயாரிச்சத போடறது.

பாலிஷ் மொதல்லயே அடிபட்டுப் போச்சு, காரணம் மேல சொன்னதுதான். பிரிஞ்ச இடத்துல ரெசின் ஏத்தலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. கல்லு பட்ட குழிக்கு ரெசின் வேலை செய்யும், ஏன்னா அது வெளி கண்ணாடில வெளிய திறந்த ஓட்டை, காத்த உறிஞ்சிட்டு ரெசின இறக்கி யூவி லைட்ல இறுக வைக்கலாம். இது நடு படலம் விட்டுப்போனது, ஈரத்தோட இருக்கு, ஓரத்துல இருந்து ஊசி போட்டாலும் நிக்கற எல்லைல ஒரு கோடு தெரியும், அடுத்த ஈரத்துல அத தாண்டி பிரியும். அதனால வேண்டாம்னு ஆச்சு.

அப்படியே விடறதுன்னா, வெளுப்பு மட்டும் இருந்திருந்தா நான் விட சொல்லிருப்பேன், அது பார்வைல இல்ல, நிறைய பழைய கார்ல அப்படித்தான் இருக்கு, போட்டியிலயும் அத வயசுன்னு ஏத்துப்பாங்க. ஆனா ஒழுகற மூலைய சரி பண்ண கண்ணாடிய கழட்டியே ஆகணும், ஓரம் பிரிஞ்ச கண்ணாடிய வெட்டி எடுத்தா முழுசா வரும்னு நம்ப முடியாது. அதோட ஒட்டின கண்ணாடி இந்த மாதிரி கார்ல வெறும் ஜன்னல் இல்ல, பாடிக்கு விறைப்பு குடுக்குது, பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அதுக்கு முட்டுக் குடுக்கறதும் அதுதான்.

பழைய ஸ்டாக் ஒண்ணு கிடைச்சுது, முத்திரைல வருஷம் கூட கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. ஓனருக்கு அதுமேல ரொம்ப ஆசை. பெட்டிய பிரிச்சு ஓரத்த டார்ச் அடிச்சு பார்த்தா ஒரு பக்கம் முழுக்க மெல்லிசா வெளுப்பு ஆரம்பிச்சிருக்கு. கார்ல ஏறாத கண்ணாடிக்கும் வயசு ஆகும், ஈரமான இடத்துல வருஷக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தா பிவிபி ஓரம் அங்கயே இழுக்கும். திருப்பி அனுப்பிட்டோம். கடைசில அப்ரூவல் முத்திரையோட புதுசா தயாரிச்ச கண்ணாடி, பழைய முத்திரைய போட்டோவுலயும் அளவோடவும் பதிவு பண்ணி வைக்கறது, பழைய கண்ணாடி எந்த நிலைல வந்தாலும் பத்திரப்படுத்தறதுன்னு முடிவாச்சு. பழைய தேதிய புது கண்ணாடில பொறிச்சு தர ஆள் இருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னார். ஓனரே வேண்டாம்னுட்டார், நல்ல முடிவு, அடுத்து வாங்கறவன ஏமாத்தற வேலை அது.

டாஷுக்கு மேல் பாகத்த மட்டும் புது லெதர் போட்டு மூடறதுன்னு முடிவு. இங்க ஒரு வாதம் நடந்துச்சு. ஓனருக்கு பழைய மாதிரியே குரோம் லெதர் வேணும். அந்த காலத்து சொகுசு காருங்களுக்கு லெதர் குடுத்ததுல பெரிய பேரு கானலி, 1878-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச கம்பெனி, 2002-ல மூடிட்டாங்க, அதனால அதே தோல் புதுசா கிடைக்கறதுன்னு ஒண்ணு இல்ல, எதைப் போட்டாலும் கிரெயினும் கலரும் ஒப்பிட்டு எடுக்கறதுதான். அப்படின்னா குளூட்டரால்டிஹைடுல பதப்படுத்தின வெட் ஒயிட் வகைய எடுக்கலாமேன்னு குஷன்காரர் சொன்னார், சூட்டுல அளவு மாறறது இதுல கம்மி, கார் கம்பெனிகள் டாஷுக்கு இத போடறதும் அதனாலதான், பூச்சு போட்டப்புறம் வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது. ஓனர் ஒத்துக்கிட்டார்.

ஏர்பேக் மூடி மேல இருக்கற லெதர தொட வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்தேன். அதுவும் ஓரத்துல சுருங்கிதான் இருந்துச்சு, கண்ணுக்கு அசிங்கம்தான். ஆனா அந்த மூடி கிழிய வேண்டிய இடத்துல கிழியறதுக்குன்னு கணக்கு பண்ணி செஞ்சது, மேல சும்மா ஒரு கெட்டி லெதர இழுத்து ஒட்டினா ஏர்பேக் எப்படி விரியும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. சுத்தம் பண்ணி கலர் மட்டும் ஒத்துப்போக வைக்கலாம், அதுக்கு மேல கிடையாது.

சீட்டுக்கு ரொம்ப சின்ன வேலை: லெதருக்கு ஏத்த கிளீனர்ல சுத்தம், வெடிப்புக்கு வளையற ஃபில்லர், தேஞ்ச இடத்துல மட்டும் தண்ணி கலந்த பிக்மென்ட் மெல்லிசா சில கோட், மேல மேட் டாப் கோட். சோப்பு கிட்டயே வேண்டாம், லெதர் லேசா அமிலத் தன்மை உள்ளது, சோப்பு காரம்.

வேலை நடந்த விதம்

வரிசை ரொம்ப முக்கியமா இருந்துச்சு. மொதல்ல கண்ணாடிய எடு, அப்புறம் டாஷ், அப்புறம் புது கண்ணாடி. டாஷ கழட்ட கண்ணாடிய எடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா அந்த முன் விளிம்புக்கு கண்ணாடி இல்லாம கை போறதுக்கும் கண்ணாடி இருக்கும்போது போறதுக்கும் வேலையோட தரமே மாறும். பேட்டரிய கழட்டி, ஏர்பேக் சர்க்யூட் அடங்கற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் டாஷ் கனெக்டர்ல கை வச்சாங்க.

பழைய பசைய கத்தியால வெட்டாம கயிறு போட்டு அறுத்தாங்க, பெயின்ட்டுல கீறல் விழாது. மூணு பக்கம் சுத்தமா வந்துச்சு. டிரைவர் பக்க கீழ் மூலைல கயிறு வந்தப்போ சின்னதா ஒரு சத்தம், அந்த வெளுத்த இடத்துல இருந்து உள் கண்ணாடில ஒரு வெடிப்பு மேல ஓடுச்சு. எதிர்பார்த்ததுதான். முத்திரை இருந்த மூலை முழுசா வந்துச்சு, ஓனருக்கு அது போதும்.

கண்ணாடி போனப்புறம் தெரிஞ்சது துரு. சிலிகானுக்கு அடில, கண்ணாடி உக்கார்ற இரும்பு விளிம்புல, பெயின்ட் பொங்கி, விரல் வச்சா செதில் செதிலா வருது. ஓட்டை விழல, அந்த அளவுக்கு அதிர்ஷ்டம். சுத்தமான இரும்பு வர்ற வரைக்கும் தேச்சு, எபாக்ஸி பிரைமர், மேல பெயின்ட். இதுக்கு முன்னாடி சிலிகான் மிச்சத்த எடுக்கறதுலயே ஆளுங்களுக்கு வேர்த்துடுச்சு, ஏன்னா சிலிகான் ஒரு படலமா மிச்சம் இருந்தா கூட மேல பெயின்ட்டும் ஒட்டாது, பாலியூரித்தேனும் ஒட்டாது. பிளாஸ்டிக் உளி, அப்புறம் சிலிகான் ரிமூவர், அப்புறம் தொடச்ச துணிய ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போடறது, அதே துணிய திருப்பி போட்டா எடுத்தத திருப்பி பூசற மாதிரிதான். பெயின்ட் நல்லா இறுகற வரைக்கும் கண்ணாடிய ஒட்டல, அவசரப்பட்டு ஈர பெயின்ட் மேல ஒட்டினா கண்ணாடி பெயின்ட்டோடதான் ஒட்டிட்டு இருக்கும், காரோட இல்ல.

இந்த காத்திருந்த நேரத்துல டாஷ் முடிஞ்சுது. எண்ணெய் ஊறின ஃபோம் பகுதிய வெட்டி எடுத்துட்டு புதுசு வச்சாங்க, எண்ணெய் ஊறினது மேல எந்த பசையும் நிக்காது. பசை சூடு தாங்கற கான்டாக்ட் வகை, ஷூவுக்கு போடற சாதா பசைய போட்டா ஒரு வெயிலுக்கு விட்டுடும். முன் விளிம்புல லெதர பழசுல இருந்தத விட அதிகமா மடிச்சு அடியில கொண்டுபோய் ஒட்டினாங்க, எதிர்காலத்துல கொஞ்சம் இழுத்தாலும் ஃபோம் தெரியாது. ஃபினிஷ் மேட், பழைய டாஷ்ல வெளிச்சம் படாத ஒரு மூலைய வச்சு கலர் ஒத்துப் பார்த்தது.

புது கண்ணாடிய ஒட்டறதுக்கு முன்னாடி நிமிர்த்தி நிறுத்தி, பின்னாடி கட்டம் போட்ட ஒரு பலகைய வச்சு, தலைய ஆட்டி ஆட்டி பார்த்தோம், கோடு எங்கயாவது வளையுதான்னு. ஓரத்துல லேசா வளைஞ்சுது, பார்வை போற இடம் சுத்தமா இருந்துச்சு. ஒட்டின பிறகு பசை கம்பெனி சொன்ன நேரம் வரைக்கும் கார நகத்தல, அந்த பசை காத்துல இருக்கற ஈரத்துல இறுகறது, அதனால வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏத்த மாதிரி நேரம் மாறும்.

அப்புறம் என்ன ஆச்சு

ஒழுகல் நின்னுடுச்சு, தண்ணி டெஸ்ட் திரும்ப பண்ணி டிஷ்யூ காஞ்சே இருந்துச்சு, மழையிலயும் கார்ப்பெட் நனையல. ராத்திரி ஓட்டறதுல வித்தியாசம் ரொம்ப பெருசுன்னு ஓனர் சொன்னார், ஆனா அதுல எவ்ளோ புது கண்ணாடியால, எவ்ளோ உள்பக்க பிசுக்கு போனதாலன்னு பிரிச்சு சொல்ல முடியாது. பகல்ல கிடைச்ச தெளிவுல பெரும்பங்கு மேட் டாஷாலதான், அது கறுப்பு துணி விரிச்ச அன்னிக்கே தெரிஞ்சுது.

ஒரு தொல்லை வந்துச்சு. கொஞ்ச நாள்லயே கண்ணாடி உள்பக்கம் மறுபடி மெல்லிசா பனிமூட்டம். எண்ணெய் தேய்க்கறத நிறுத்தியாச்சே, இது என்னன்னு ஓனர் பதறிட்டார். புது பசை, புது ஃபோம், புது லெதர், எல்லாம் ஆவி விட்டுட்டு இருக்கு. சில தடவை தொடச்சு, நிழல்ல ஜன்னல இறக்கி விட்டு வச்சதுல குறைஞ்சுட்டே வந்து நின்னுடுச்சு.

ஏர்பேக் மூடி மட்டும் இன்னும் பழசு மாதிரியே தெரியுது, புது டாஷ் பக்கத்துல அதோட சுருக்கம் முன்ன விட கண்ணுல படுது. ஓனருக்கு அதுல வருத்தம் இருக்கு. அதே மூடிய சரியான கிழிசல் தையலோட செஞ்சு தர்ற இடம் கிடைச்சா பார்க்கலாம்னு விட்டிருக்கோம். ஒரு போட்டியில கார வச்சப்போ கண்ணாடி முத்திரைக்கு மார்க் குறைச்சாங்க, ஆவணத்த காட்டினதுக்கு நடுவர் பாராட்டிட்டு மார்க்க குறைச்சார், அது நியாயம்தான். சீட்டு வேலைய அவர் கவனிக்கவே இல்ல, அதுதான் வேணும்.

இனிமே வேற மாதிரி பண்றது

கண்ணாடி மங்கல்னு யார் வந்தாலும் கறுப்பு துணியும் பாதி தொடைக்கறதும் முதல்ல, போன்லயே சொல்லி அவங்களையே பண்ணிப் பார்க்க சொல்றேன். நிறைய பேருக்கு அங்கயே வேலை முடிஞ்சுடும், கண்ணாடி மாத்தற பேச்சே வராது.

டாஷ் முன் விளிம்பு ஒரு மூலைல மட்டும் அதிகமா சுருங்கி இருந்தா, லெதர் ஆள கூப்பிடறதுக்கு முன்னாடி தண்ணி டெஸ்ட். டிரிம்ம தூக்கிப் பார்த்து மேல பூசின சிலிகான் தெரிஞ்சா, அடில துரு இருக்குன்னே வச்சுக்கிட்டு பெயின்ட் ஆள மொதல்லயே வரிசைல சேர்த்துடணும். இந்த கேஸ்ல அது நடுவுல வந்ததால ஆர்டர் பண்ண கண்ணாடி ஒரு மூலைல சாஞ்சு நின்னுட்டு இருந்துச்சு, வேலை நடக்கற இடத்துல அது ரிஸ்க்.

புது டாஷ் லெதரையும் ஃபோமையும் காருக்குள்ள மாட்டறதுக்கு முன்னாடி வெளியவே நாலஞ்சு நாள் கூடுதலா காத்தோட்டமா வச்சா உள்ள படியற ஆவில ஒரு பங்கு குறைஞ்சிருக்கும், குஷன்காரரும் இத ஒத்துக்கிட்டார்.

ஓனர் பக்கம் மாறினது: நிறுத்தும்போது கண்ணாடிக்கு உள்ள சூட்ட திருப்பி அனுப்பற ஷேடு, நிறுத்தற இடத்துல ஈரப்பதம் 50 சதவீதம் பக்கம், டாஷுக்கு ஈரத் துணி மட்டும், சீட்டுக்கு எப்பவாவது தண்ணி கலந்த கண்டிஷனர். சிலிகான் கலந்த பளபளப்பு ஸ்பிரே எதுவும் காருக்குள்ள வரக்கூடாது, பின்னாடி கலர் அடிக்க வேண்டி வந்தா பூச்சு அது மேல பிடிக்காது. நீட்ஸ்ஃபுட் ஆயில் பாட்டில் பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சு, அத குஷன்காரர் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார், பூச்சு இல்லாத தோல் வாருக்கு போடலாமாம்.

பழைய கண்ணாடி இப்ப ஓனர் கிட்ட மரச்சட்டத்துல நிமிர்ந்து நிக்குது, படுக்க வைக்க வேண்டாம்னு சொல்லிருக்கோம், வெடிப்பு இன்னும் ஓடும். கார விக்கும்போது அதுவும் போட்டோக்களும் ரிப்போர்ட்டும் கூடவே போகும்னு எழுதி வச்சாச்சு.